மனநலப் பிரிவில் முதல் வருடம்: புதிதாகச் சேரும் பி.ஜி.க்கு

எம்.டி. சைக்கியாட்ரியில் இடம் கிடைத்து, தமிழ்நாட்டில் ஏதோ ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் சேரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோய்களின் இலக்கணத்தைப் பாடப்புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். காலையில் வார்டுக்குள் நுழைவதிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் என்ன செய்வது, எதை விட்டால் யாருக்கு ஆபத்து என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் ஒரே நாளில் முடிகிற வைத்தியம் அபூர்வம். மனச்சோர்வுக்கு மருந்து வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மனச்சிதைவுக்கும் (ஸ்கிசோஃப்ரினியா) இருமுனைக் கோளாறுக்கும் (பைபோலார்) வருடக்கணக்கில் மாத்திரை தேவைப்படும். அதனால் நம் வேலை சரியாக நடந்ததா என்பதற்கு ஒரே அளவுகோல், அந்த நோயாளி அடுத்த மாதம் திரும்பி வருகிறாரா என்பதுதான். நோயைச் சரியாகக் கண்டுபிடித்து, சரியான மருந்தும் எழுதிக்கொடுத்து, அவர் பிறகு வரவே இல்லையென்றால் அன்று நாம் எதையும் சாதிக்கவில்லை. கீழே சொல்லும் எல்லாவற்றையும் இந்த ஒரு கண்ணோட்டத்தில் படியுங்கள்.

காலை: ஓ.பி.க்கு முன் வார்டு

ஓ.பி.யில் கூட்டம் சேரும் முன் வார்டைப் பார்த்துவிடுங்கள். முதலில் போக வேண்டியது இரவு டியூட்டி சிஸ்டரிடம். யார் தூங்கவில்லை, யார் சாப்பிடவில்லை, யார் மாத்திரையை வாயில் ஒதுக்கிவைத்துத் துப்பினார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வெறியெழுச்சியில் (மேனியா) இருப்பவர் தேறுகிறாரா என்பதைத் தூக்கம்தான் முதலில் காட்டும். நேற்று மூன்று மணி நேரம், இன்று ஐந்து மணி நேரம் என்று சிஸ்டர் சொன்னால், பேச்சு இன்னும் அடங்காவிட்டாலும் மருந்து பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, முந்தைய நாள் ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்து ஊசியாகப் போடப்பட்டவர்களை நீங்களே தொட்டுப் பாருங்கள். காய்ச்சல் இருக்கிறதா, கையை மடக்கினால் விறைப்பாக இருக்கிறதா, வியர்த்துக் கொட்டுகிறதா, கூப்பிட்டால் தெளிவாகப் பதில் வருகிறதா? காய்ச்சலும் விறைப்பும் சேர்ந்தே இருந்தால் பாரசிட்டமால் கொடுத்துவிட்டு நகராதீர்கள். அந்த மருந்துகள் எப்போதாவது உண்டாக்கும் ஆபத்தான எதிர்விளைவாக அது இருக்கலாம். மருந்தை உடனே நிறுத்தி, தசை பாதிப்பைக் காட்டும் சி.பி.கே. பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பி, மெடிசின் டாக்டரைக் கூப்பிட வேண்டும். பேசாமல் அசையாமல் படுத்திருக்கும் நோயாளியையும் இதே கவனத்தோடு பாருங்கள். தண்ணீர் குடித்தாரா, சிறுநீர் போனாரா, கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சத்தம் போடுகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள், சத்தம் போடாதவரை யாரும் கவனிப்பதில்லை.

புது நோயாளி: யார் முதலில் பேசுவது

மூன்று வருடத்துக்கும் மேல் செய்யப்போகிற வேலையின் முக்கால் பங்கு இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அறைக்குள் மூன்று பேர் வருவார்கள். அம்மா, மாமா, நடுவில் தலைகுனிந்தபடி இருபத்திரண்டு வயதுப் பையன். உட்காரும் முன்பே மாமா தொடங்கிவிடுவார்: “சார், இவன் வாயத் திறக்க மாட்டான், நான் சொல்றேன்.” நீங்கள் அவரைக் கையமர்த்திவிட்டு, சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிப் பையனிடம் முதலில் பேசுங்கள். “வாங்க தம்பி, உட்காருங்க. எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க? காலைல சாப்பிட்டீங்களா?” அவர் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த அறையில் யாரைப் பார்க்க நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இதுவரை போன இடங்களில் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசியிருப்பார்கள், அவரோடு பேசியவர்கள் குறைவு.

எந்த ஊர் என்று கேட்பதற்கு வேறொரு பயனும் உண்டு. எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எத்தனை பஸ் மாறினார்கள், யார் வேலைக்கு லீவு போட்டு வந்தார்கள் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு பஸ் மாறி வந்தவரை ‘வாரா வாரம் வாங்க’ என்றால் வரமாட்டார்கள். அவர்கள் ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்தக் கிழமை வருகிறது என்று சொல்லியனுப்பினால் வருவார்கள். 1982-ல் வந்த தேசிய மனநலத் திட்டம், மாவட்டங்களுக்கு இறங்கியது 1990-களின் பிற்பாதியில்தான். அந்தக் குழு வரும் நாட்களின் அட்டவணையை உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் குடும்பத்தாரிடம் கேளுங்கள். எப்போதிலிருந்து, எது முதலில் மாறியது, படிப்பு அல்லது வேலை எப்போது நின்றது, தூக்கம், சாப்பாடு, குளியல், பழக்கவழக்கம், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. அதன்பின் அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நோயாளியிடம் தனியாகப் பேசுங்கள். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் சரி, இந்தத் தனிப்பேச்சைத் தவிர்க்காதீர்கள். கஞ்சா பழக்கம், காதல், வீட்டில் விழும் அடி, காதில் கேட்கும் குரல் எல்லாம் கதவு சாத்திய பிறகுதான் வெளியே வரும். பெண் நோயாளி என்றால் சிஸ்டரையோ பெண் ஊழியரையோ அறையில் வைத்துக்கொள்ளுங்கள், மாமியாரையும் கணவரையும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லுங்கள்.

கேள்விகளைப் பேச்சுத் தமிழில் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் படித்ததை அந்த நேரத்தில் மொழிபெயர்த்தால் யாருக்கும் புரியாது. நான் கேட்பது இப்படி: “பக்கத்துல யாரும் இல்லாதப்போ யாரோ பேசுற மாதிரி கேக்குதா? ஆம்பளக் குரலா, பொம்பளக் குரலா? உங்ககிட்ட நேரா பேசுதா, இல்ல உங்களப் பத்தி அவங்களுக்குள்ள பேசிக்கிறாங்களா? அது எதையாவது செய்யச் சொல்லுதா? சொன்னத செஞ்சே ஆகணும்னு இருக்கா?” கடைசிக் கேள்வி மிக முக்கியம். ‘குதி’ என்றோ ‘அவனை அடி’ என்றோ குரல் கட்டளையிடுகிறது, எதிர்க்க முடியவில்லை என்று சொன்னால் அன்றே அட்மிஷன் பற்றி யோசிக்க வேண்டும்.

மனச்சோர்வோடு வருகிறவர்கள் ‘மனசு சரியில்லை’ என்று தொடங்குவது குறைவு. தலை கனம், உடம்பெல்லாம் எரிச்சல், நெஞ்சு படபடப்பு, கைகால் அசதி, நரம்புத் தளர்ச்சி என்றுதான் சொல்வார்கள். ஸ்கேன், ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்து முடித்து, பையில் பெரிய கட்டோடு வந்திருப்பார்கள். ‘உங்களுக்கு ஒண்ணும் இல்ல’ என்ற வாக்கியத்தை ஏற்கெனவே பல இடங்களில் கேட்டு நொந்துபோனவர்கள் அவர்கள். வலி உண்மை என்று ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். “எரிச்சல் இருக்கு, அதனால தூக்கம் கெட்டுப்போச்சு, சரி. மனசு எப்படி இருக்கு? முன்னாடி பிடிச்ச வேலை இப்ப பிடிக்குதா?” என்று கேட்டால் அழுகை தானாக வரும். அழட்டும். ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

செய்வினை, காத்துக்கருப்பு, சாமிக்குற்றம் என்று சொல்கிறவர்களிடம் வாதாட வேண்டாம். “இதுவரைக்கும் எங்கெல்லாம் காட்டுனீங்க?” என்று பொதுவாகக் கேட்டால் குணசீலம், ஏர்வாடி, புளியம்பட்டி என்று மனநோய்க்காக மக்கள் போகும் வழிபாட்டுத் தலங்கள் எல்லாம் வரும். பிரார்த்தனையை நிறுத்தச் சொன்னால் அவர்கள் நிறுத்தப்போவது மாத்திரையைத்தான். ‘கோயிலுக்கும் போங்க, மாத்திரையும் போடுங்க’ என்பதே நல்ல வைத்தியம். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: சங்கிலியால் கட்டுவது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்று 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. வீட்டில் கட்டிவைத்திருப்பதாகச் சொல்லும் குடும்பத்தைத் திட்டாதீர்கள். வேறு வழி தெரியாமல், பயந்துபோய் கட்டியிருப்பார்கள். அன்றே அட்மிஷன் போட்டு அவர்களுக்கு வேறு வழியைக் காட்டுங்கள்.

தற்கொலை பற்றிக் கேட்பது

எல்லாப் புது நோயாளியிடமும் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டதும் பலருக்கு ஒரு பாரம் இறங்குவதைக் கண்ணெதிரே பார்ப்பீர்கள். படிப்படியாகப் போங்கள்: “இவ்வளவு கஷ்டத்துல, வாழ்க்கையே வேணாம்னு தோணியிருக்கா?” ஆமாம் என்றால், “உயிரை விட்டுடலாம்னு யோசிச்சிருக்கீங்களா? எப்படின்னு முடிவு பண்ணீங்களா? முன்னாடி எப்பவாவது முயற்சி பண்ணியிருக்கீங்களா?” கடைசியாக, “எது உங்களத் தடுத்துச்சு?” இதற்கு வரும் பதிலில் சிகிச்சைக்கான பிடி இருக்கும். பிள்ளைகள் என்பார்கள், அம்மா என்பார்கள், வளர்க்கிற ஆடு என்றுகூடச் சொன்னவர்கள் உண்டு. அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அடுத்த முறை அதைப் பற்றி விசாரியுங்கள்.

ஆபத்து இருக்கிறது என்று பட்டால், குடும்பத்தாரிடம் சொல்லப்போகிறேன் என்று நோயாளியிடமே சொல்லிவிட்டு அவர்களை உள்ளே கூப்பிடுங்கள். தனியே விடக்கூடாது, பூச்சிமருந்தும் வீட்டிலுள்ள மற்ற மாத்திரைகளும் பூட்டி வைக்கப்பட வேண்டும், நம் மாத்திரையும் ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்து வீட்டார் கையில் இருக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (மத்திய அரசின் மனநல உதவி) எண்ணையும் தமிழ்நாட்டின் 104 சுகாதார உதவி எண்ணையும் சீட்டின் மேலேயே பெரிதாக எழுதுங்கள். டெலி மானஸ் 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

மனநோய் என்று எழுதும் முன்

ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக நடத்தை மாறினால், காதில் கேட்பதைவிடக் கண்ணில் ஏதேதோ தெரிவது அதிகமாக இருந்தால், காலையில் தெளிவாகவும் மாலையில் குழப்பமாகவும் இருந்தால், காய்ச்சலோ வலிப்போ கூடவே இருந்தால், அது உடம்பு நோய் என்றே எண்ணித் தேடுங்கள். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறாரா, ஸ்டீராய்டு எடுக்கிறாரா, சர்க்கரை எவ்வளவு, தைராய்டு எவ்வளவு, வயதானவர் என்றால் சோடியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நன்றாக இருந்த இளம்பெண் சில நாட்களுக்குள் தலைகீழாக மாறி, வலிப்பும் வாய்க்கோணலான அசைவுகளும் வந்தால் மூளை அழற்சியை நினையுங்கள், நரம்பியல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

படுக்கையருகே செய்ய எளிய சோதனை ஒன்று: கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வது. சனி, வெள்ளி, வியாழன் என்று போய் நடுவில் தடுமாறி மறுபடி சனிக்கே வருகிறார் என்றால் கவனம் நிற்கவில்லை. பள்ளிக்கூடமே போகாதவரிடமும் இதைக் கேட்கலாம்.

மாத்திரை எழுதும்போது

மருந்தின் பெயரை எழுதுவது சின்ன வேலை. அதைப் பற்றிச் சொல்லும் மூன்று நான்கு வாக்கியங்கள்தான் நோயாளியைத் திரும்ப வரவைக்கும். எதற்கு, எப்போது பலன் தெரியும், முதலில் என்ன தொந்தரவு வரும், எத்தனை நாள் போட வேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோப்ராம் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் வாரம் வயிற்றைப் புரட்டும், படபடப்பு கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும். சொல்லாமல் அனுப்பினால் மூன்றாம் நாள் நிறுத்திவிட்டு, ‘அந்த டாக்டர் மாத்திரை ஒத்துக்கலை’ என்று ஊரெல்லாம் சொல்வார்கள். சொல்லி அனுப்பினால், ‘டாக்டர் சொன்ன மாதிரியே வந்துச்சு, அப்புறம் சரியாயிடுச்சு’ என்று வந்து நிற்பார்கள். எண்ணச்சுழற்சி நோய்க்கு (ஓ.சி.டி.) இதே வகை மருந்து கொடுத்தால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் தொடங்கிய முதல் சில நாட்களில் சிலருக்குக் கழுத்து ஒருபக்கம் இழுக்கும், நாக்கு தடிக்கும், கண் மேலே சொருகும். அதைப் பார்க்கிற வீட்டார் ‘வாதம் வந்திடுச்சு’ என்று அலறுவார்கள். இது வந்தால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் இந்தச் சீட்டைக் காட்டுங்கள், ஒரு ஊசியில் சரியாகிவிடும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரிஸ்பெரிடோனில் மாதவிடாய் தள்ளிப்போகலாம் என்று பெண்களிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் கர்ப்பம் என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ஒலான்சபின் பசியையும் எடையையும் ஏற்றும். குழந்தை பெறும் வயதுள்ள பெண்ணுக்கு வால்ப்ரோயேட் எழுதக் கை போனால் நிறுத்தி யூனிட் சீஃபிடம் பேசுங்கள். கருவிலுள்ள குழந்தைக்கு அது செய்யும் கேடு பெரியது.

இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் விஷம். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். அதனால் பரிசோதனை நாளன்று காலை மாத்திரை போடாமல் வரச் சொல்லுங்கள். சிறுநீரகமும் தைராய்டும் பார்க்காமல் தொடங்காதீர்கள். வீட்டாருக்குச் சொல்ல வேண்டியது: தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வாந்தி பேதி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும், கை பெரிதாக நடுங்கினாலோ நடை தள்ளாடினாலோ அன்றே வர வேண்டும், மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன் வாங்கிப் போடவே கூடாது. சித்திரை வெயிலில் வயல்வேலை செய்பவருக்கு இதெல்லாம் உயிர்ப்பிரச்சினை.

மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவுக்குக் கொடுக்கும் க்ளோசபினுக்கு முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அதோடு ஒவ்வொரு முறையும் மலச்சிக்கல் பற்றிக் கேளுங்கள். அதனால் ஏற்படும் குடல் அடைப்பு ஆளைக் கொல்லும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தூக்க மாத்திரைக்கு நாள் குறித்துக் கொடுங்கள். இரண்டு வாரம் என்று சொல்லி, எந்த நாளில் பாதியாகக் குறைப்பது என்பதையும் சீட்டில் எழுதிவிடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் காலை மாத்திரைப் பட்டையில் சூரியனும் இரவு மாத்திரையில் பிறையும் வரைந்து கொடுக்கும் ஃபார்மசிஸ்டுகள் உண்டு. உங்கள் மருத்துவமனையில் இல்லையென்றால் நீங்களே வரையுங்கள்.

பழைய நோயாளிக்கு இரண்டு நிமிடம்

ரெவ்யூ வரிசை நீளமாக இருக்கும். அதில் ‘நல்லாருக்கேன் சார், அதே மாத்திரை எழுதுங்க’ என்பவரிடம்தான் ஏமாறுவோம். மூன்றே மூன்று கேளுங்கள்: “மாத்திரை எத்தன மிச்சம் இருக்கு?” “இப்ப என்ன வேலைக்குப் போறீங்க?” “ராத்திரி எத்தன மணிக்குப் படுக்குறீங்க?” முதலாவது மாத்திரையைப் பற்றிய உண்மையைச் சொல்லும். ‘போடுறீங்களா’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். மாதம் ஒருமுறை எடை, மூன்று மாதத்துக்கொருமுறை சர்க்கரை. நோயாளி வராமல் அம்மா மட்டும் சீட்டோடு வந்தால் மருந்தைக் கொடுத்தனுப்புங்கள். ஆனால் ஏன் வரவில்லை என்று கேட்டு, அடுத்த முறை கூட்டிவரச் சொல்லுங்கள்.

மற்ற வார்டுகளிலிருந்து வரும் அழைப்பு

மதியத்துக்கு மேல் போன் வரும். “சைக்கியாட்ரியா? கால் உடைஞ்சு வந்த பேஷண்ட் சார், மூணாவது நாள், திடீர்னு மனநோய் ஆயிட்டார். கட்டில்ல பூச்சி ஊருதுங்கிறார், டிரிப்பைப் பிடுங்குறார். உங்க வார்டுக்கு மாத்திக்குறீங்களா?”

போய்ப் பாருங்கள். கை நடுங்கும், வியர்த்திருக்கும், நாடி வேகமாக ஓடும். மனைவியை ஓரமாகக் கூப்பிட்டு, “கடைசியா எப்போ குடிச்சார்?” என்று கேளுங்கள். அடிபட்ட அன்று காலை என்பார். குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும் பிதற்றல் இது, உயிருக்கே ஆபத்தானது. டயஸிபாம் தேவை. கல்லீரல் கெட்டிருந்தால் லோரஸிபாம். குளுக்கோஸ் ஏற்றும் முன் தையமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும், இல்லையென்றால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடலாம். நோயாளி அந்த வார்டிலேயே இருக்கட்டும், நீங்கள் தினமும் போய்ப் பாருங்கள். எலும்பு டாக்டருக்கும் சிஸ்டருக்கும் பொறுமையாக விளக்குங்கள். இன்று புரிந்துகொண்டவர் அடுத்த நோயாளியிடம் அட்மிஷன் அன்றே குடிப்பழக்கம் பற்றிக் கேட்டுவிடுவார். குணமான பிறகு அவரைக் குடியை விடும் சிகிச்சைக்குக் கூட்டிவர இதைவிட நல்ல நேரம் கிடையாது. உயிர் பிழைத்த பயம் இருக்கும்போதே தேதி குறித்துக் கொடுங்கள்.

தற்கொலை முயற்சிக்குப் பின் சேர்க்கப்பட்டவரைப் பார்க்கக் கூப்பிட்டால், சுற்றி நிற்கும் சொந்தக்காரர்களை முதலில் நகர்த்துங்கள். “ஏன் இப்படிப் பண்ணீங்க?” என்று ஏற்கெனவே பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். “இப்ப உடம்பு எப்படி இருக்கு? தண்ணி குடிச்சீங்களா?” என்று தொடங்குங்கள். போலீஸ், கேஸ் என்று பயப்படுவார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு சொல்கிறது. இதை நோயாளியிடமும் வீட்டாரிடமும் தெளிவாகச் சொல்லுங்கள்.

அட்மிஷனும் சட்டமும்

2018 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டத்தை நீங்கள் படித்தே ஆக வேண்டும். தினசரி வேலைக்கு நான்கு பிரிவுகள் போதும். தானே விரும்பிச் சேர்பவர் 86-ல் வருவார். அவர் போகிறேன் என்றால் விட வேண்டும், ஆபத்து என்று தோன்றினால் மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் மட்டும் நிறுத்தலாம். முடிவெடுக்க அதிக ஆதரவு தேவைப்படுகிறவரை, நியமனப் பிரதிநிதியின் (நோயாளி சார்பில் பேச நியமிக்கப்பட்டவரின்) விண்ணப்பத்தின் பேரில் 89-ல் 30 நாள் வரை சேர்க்கலாம். இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். பெண் அல்லது சிறார் என்றால் மூன்று நாளுக்குள்ளும் மற்றவர் என்றால் ஏழு நாளுக்குள்ளும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 30 நாளைத் தாண்டினால் 90. அவசரம் என்றால் 94, அது 72 மணி நேரத்துக்குத்தான்.

மயக்க மருந்து இல்லாமல் இ.சி.டி. (மின்னதிர்வு சிகிச்சை) கொடுப்பது சட்டவிரோதம். அவசரப் பிரிவின் கீழ் இ.சி.டி.யே கொடுக்க முடியாது. ‘கரண்ட் வைக்கிறது’ என்று கேட்டதும் குடும்பத்தார் முகம் மாறும். மயக்கம் கொடுத்துத்தான் செய்வோம், வலி தெரியாது, சிலருக்குக் கொஞ்ச நாள் மறதி இருக்கும், சாப்பிடாமல் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கிறவரை இதுபோல் சீக்கிரம் எழுப்புகிற சிகிச்சை வேறில்லை என்று உட்கார்ந்து சொல்லுங்கள். அவசரப்பட்டுக் கையெழுத்து வாங்க வேண்டாம்.

படிவங்களை அட்மிஷன் போட்ட அன்றே முடியுங்கள். ‘நாளைக்கு எழுதிக்கலாம்’ என்று வைத்தது நாளைக்கு நடக்காது.

உங்கள் பாதுகாப்பு, உங்கள் மனசு

நாற்காலியைக் கதவுக்கு நெருக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நோயாளியின் வழியையும் அடைக்காதீர்கள். கோபத்தில் இருப்பவரிடம் தனியே போக வேண்டாம், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள், பின்னாலிருந்து தொடாதீர்கள். நோயாளிகள் எல்லோரும் அடிப்பார்கள் என்று வீட்டில் பயமுறுத்தி அனுப்பியிருப்பார்கள். அப்படிக் கிடையாது. பயந்துபோனவர்தான் பெரும்பாலும் கையை ஓங்குவார்.

என்றாவது ஒருநாள் நீங்கள் பார்த்த நோயாளி தற்கொலை செய்துகொண்டார் என்று செய்தி வரும். அதைத் தனியே சுமக்காதீர்கள். அன்றே யூனிட்டில் சொல்லுங்கள், கேஸ் ஷீட்டை எடுத்து வைத்துச் சேர்ந்து பேசுங்கள். குடும்பம் வந்தால் ஒளியாதீர்கள், உட்காரவைத்துப் பேசுங்கள். உங்களுக்கே தூக்கம் போனால், குடி கூடினால், வேறு ஊரில் உள்ள ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தினமும் மற்றவர்களிடம் ‘வெட்கப்படாம வாங்க’ என்று சொல்கிறவர்கள் நாம்.

வராமல் போனவர்கள்

ரெவ்யூ தேதி தாண்டி இரண்டு வாரமாகியும் வராதவர்களுக்கு ஒரு நோட்டு போடுங்கள். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், லித்தியமோ க்ளோசபினோ சாப்பிடுகிறவர்கள், பிரசவத்துக்குப் பின் மனநோய் வந்த தாய்மார்கள் ஆகியோர் அதில் இருக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும்போது சோஷியல் வொர்க்கரோடு உட்கார்ந்து போன் செய்யுங்கள்.

போனில் எச்சரிக்கை தேவை. எடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், புதிதாகக் கல்யாணமான மருமகளாக இருக்கலாம். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசவாக வைத்திருக்கிற ஊர் நம்முடையது. மனநலப் பிரிவிலிருந்து என்று எடுத்தவுடன் சொல்லாதீர்கள். “கவர்மெண்ட் ஆஸ்பத்திரிலேர்ந்து பேசுறோம், அவங்க அம்மா இருக்காங்களா?” என்று, முதல் நாள் கூட வந்தவரைக் கேளுங்கள். அதற்காகத்தான் முதல் நாளே யாருடைய எண், யாரிடம் மட்டும் பேச வேண்டும் என்று நோயாளியிடம் கேட்டு எழுதிவைத்திருக்க வேண்டும். லைனில் வந்ததும் ‘ஏன் வரல?’ என்று கேட்க வேண்டாம். “மாத்திரை தீர்ந்திருக்குமே, எப்படி இருக்கார்?” என்று கேளுங்கள். அறுவடை, பஸ் காசு, திருவிழா, ‘நல்லாத்தான் இருக்கான், இனி எதுக்கு’ என்று ஏதோ ஒரு காரணம் வரும். எந்தக் கிழமை வர முடியும் என்று அவர்களையே சொல்லச் சொல்லி, அந்தத் தேதியை நோட்டில் எழுதுங்கள். அந்த நாளில் அவர் வந்து நின்றால், திட்டாமல் டோக்கன் கொடுக்கும்படி ஓ.பி. அட்டெண்டரிடமும் சொல்லிவையுங்கள்.